டவர் நிற்கிறது, வாடகை நின்றுவிட்டது

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள் அறக்கட்டளைக் குழுவினர். அரசியல் சாசனத்தின் மாண்பு பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கறுப்புக் கோட்டைக் கண்டதும் மக்கள் நிறுத்திக் கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். "செல்போன் கம்பெனிக்கு இடம் விட்டோம் சார். கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. வாடகை வரல. டவர் அப்படியே நிக்குது. பிரிச்சு வித்துடலாமா?"

விற்கக் கூடாது. ஆனால் அந்த இரும்பைக் காலமெல்லாம் சுமந்துகொண்டு நில்லுங்கள் என்றும் எந்தச் சட்டமும் உங்களிடம் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் இன்றைய பேச்சு.

தங்கவயலில் எந்த நில வழக்கை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, நிலம் யாருடையது என்பது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசுக்குப் போயின, 1962-இல் மத்திய அரசுக்கு. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி அது மூடப்பட்டது. சுமார் 12,000 ஏக்கர் நிலம் கம்பெனியின் பேரில் இருந்தது. மைனிங் லைன்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பலருக்கு அந்த மண்ணில் கத்தா என்ற சொத்துப் பதிவு கிடையாது. கத்தா இல்லாதவர் டவர் கம்பெனிக்குக் குத்தகை எழுதிக் கொடுத்தால், தன்னுடையது அல்லாத ஒன்றை எழுதிக் கொடுக்கிறார். அந்த வழக்கு வேறு. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை மனைகளும், பேத்தமங்கலம், பங்காரப்பேட்டைப் பக்கத்து வயல்களும் தனியார் நிலம். நான் பேசப்போவது இவற்றைப் பற்றி. சுரங்கக் கம்பெனி நிலத்திடம் நடுவில் ஒரு பாடம் கேட்க வேண்டியிருக்கிறது, அப்போது அங்கே போவோம்.

டவர்கள் எப்படி அனாதையாயின? தமிழ்நாட்டுச் சொந்தங்கள் இல்லாத வீடு இந்த ஊரில் இல்லை, ஆகவே ஏர்செல்லை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நிறுவனம். 2010-இல் அது தன்னிடமிருந்த 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற மும்பை நிறுவனத்துக்கு ஏறத்தாழ 8,400 கோடி ரூபாய்க்கு விற்றது. டவர் ஒரு கம்பெனியுடையது, அதில் தொங்குகிற ஆன்டெனா வேறொரு கம்பெனியுடையது என்ற ஏற்பாடு நம் ஊர்களில் வேர்விட்டது இப்படித்தான். 2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை நின்றது. பிப்ரவரி கடைசியில் திவால் மனு போட்டார்கள். வாடிக்கையாளர்கள் வேறு சிம்முக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். டவருக்கு மாற வழி இல்லை.

ஏர்செல் வாடகை தராததால் டவர் கம்பெனிக்கு வருமானம் இல்லை. டவர் கம்பெனிக்கு வருமானம் இல்லாததால் நிலக்காரருக்கு வாடகை இல்லை. காவலாளி போனார், ஜெனரேட்டர் போனது, பேட்டரி போனது. 2022 ஜூன் மாதம் செய்தித்தாள்களில் ஒரு செய்தி வந்தது. தமிழ்நாட்டில் ஜிடிஎல் நிறுவனம் நிறுவியிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட டவர்களில் சுமார் 600 டவர்களைக் காணவில்லை. கொரோனாக் காலத்தில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போனபோது கான்கிரீட் பீடம் மட்டும் இருந்தது. ஆறடி ஆள் உயரத்துக்கா டவர் இருக்கிறது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போக? பட்டப்பகலில், பணியாளர் போல் உடுத்திக்கொண்டு, கேஸ் கட்டர் வைத்து அறுத்துத்தான் கொண்டு போக முடியும். பார்த்தவர்கள் கம்பெனி ஆள்தான் பிரிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். எத்தனை டவர்களில் நிலக்காரருக்கும் தெரிந்து நடந்தது என்பதைப் போலீஸ் விசாரணைக்கு விட்டுவிடுவோம். பாக்கிக்குப் பதில் இரும்பு என்ற எண்ணம் மனிதனுக்கு வராமல் இருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த எண்ணத்தைச் சட்டத்தின் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் பழைய கொள்கை எளிமையானது. மண்ணில் நட்டது மண்ணுக்காரனுக்கு. இந்தியாவில் அது அப்படியே செல்லாது என்று 1866-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. பிறர் நிலத்தில் நல்லெண்ணத்தோடு கட்டியவன் கட்டியதைப் பிரித்துக்கொண்டு போகலாம், அல்லது அதற்கு ஈடு வாங்கலாம் என்பது இந்த நாட்டின் வழக்கம் என்றார்கள். பிறகு வந்த 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. அதன் 108-ஆம் பிரிவில் ‘எச்’ உட்பிரிவு குத்தகைதாரருக்கு ஓர் உரிமை தருகிறது. குத்தகை முடிந்த பிறகும், இடம் தன் வசத்தில் இருக்கும் வரைக்கும், தான் மண்ணில் பொருத்திய எதையும் அவர் எடுத்துக்கொள்ளலாம். வசம் போன பிறகு எடுக்க முடியாது. இடத்தை வாங்கின நிலையிலேயே விட்டுப் போக வேண்டும்.

நம்முடைய வழக்கின் உயிர் இந்த ‘வசம்’ என்ற இடத்தில் இருக்கிறது. ஆள் வருவதில்லை, கேட்டில் போட்ட பூட்டு துருப்பிடித்துவிட்டது, மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று, ஆண்டுக்கணக்கில் வாடகை இல்லை. இடம் இன்னும் டவர் கம்பெனியின் வசத்தில்தான் இருக்கிறதா? பூட்டு தொங்கினால் இருக்கிறது என்று அவர்கள் வாதிடுவார்கள். இல்லை என்று நீங்கள் வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் ஓடத் தொடங்கும் முன்பே ஒரு கதவு சாத்தப்படுகிறது. ‘மாறான ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற நிபந்தனையோடுதான் 108-ஆம் பிரிவே ஆரம்பிக்கிறது. டவர் குத்தகைப் பத்திரம் என்று நான் பார்த்த எல்லாவற்றிலும் மாறான ஒப்பந்தம் இருந்தது. டவரும் கருவிகளும் எந்நாளும் கம்பெனியின் சொத்து, நிலக்காரருக்கு அவற்றின் மேல் உரிமை இல்லை என்று ஒரு பத்தி. குத்தகை முடிந்தால் இத்தனை நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு பத்தி. எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருக்கும். எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் இன்னது நடக்கும் என்று எழுதியிருக்காது. அந்தப் பத்திரங்களை எழுதிய கை நிலக்காரருடைய கை அல்ல.

டவர் அசையும் பொருளா, அசையாச் சொத்தா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. வக்கீல்களுக்கு அதில் நல்ல வரும்படி. 2016 டிசம்பரில் அகமதாபாத் மாநகராட்சிக்கும் ஜிடிஎல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், சொத்து வரி போடும் அளவுக்கு மொபைல் டவர் ஒரு கட்டடம்தான் என்றது உச்ச நீதிமன்றம். 2024 நவம்பரில் பார்தி ஏர்டெல் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வரிக் கழிவு கேட்கும் அளவுக்கு டவர் ஓர் அசையும் பொருள் என்றது. போல்ட்டைக் கழற்றிப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம், பிரிப்பதால் டவருக்குச் சேதமில்லை, ஆடாமல் நிற்பதற்காகத்தான் அதைப் பீடத்தில் பொருத்தியிருக்கிறார்கள், நிலத்துக்கு மதிப்புக் கூட்டுவதற்காக அல்ல என்று காரணம் சொன்னது. இதே கேள்வியில் 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒன்று சொல்லியிருந்தது, 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் டெல்லி பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்பும் முரண் என்று சிரிக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு வரிச் சட்டத்தின் கேள்விகள். நமக்கு வேண்டியது 2024-இன் காரணம். கழற்றினால் கெடாத பொருள், உங்கள் நிலத்தோடு ஒட்டிப்போகாது. ஆகவே ‘என் மண்ணில் இருக்கிறது, ஆகவே என்னுடையது’ என்ற வாதத்துக்கு மிச்சமிருந்த கொஞ்ச உயிரும் போயிற்று.

போதாக்குறைக்கு 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அதில் பத்தாம் பிரிவு முதல் முப்பதாம் பிரிவு வரை 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதினான்காம் பிரிவு, தொலைத்தொடர்பு வலையமைப்பு அது நிற்கும் சொத்தின் பகுதி ஆகாது என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது. நிலம் கைமாறினாலும் டவர் கைமாறாது. நிலத்தின் மேல் கடனோ ஜப்தியோ வந்தாலும் டவரைத் தொடாது. நிலத்துக்கான சொத்து வரியிலும் அது சேராது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. வலையமைப்பை வைத்திருப்பவருக்கு நிலத்தில் பயன்படுத்தும் உரிமை தவிர வேறு உரிமை இல்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் பத்தாம் பிரிவு காலத்திலிருந்தே இதுதான் நிலை. கம்பம் நடலாம், மண் சொந்தமாகாது.

கம்பம் நடுவது இந்த ஊருக்குப் பழைய கதை. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரத்தை 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான மின் பாதைகளில் ஒன்று. எத்தனை குடியானவர் வயலைத் தாண்டி வந்திருக்கும்! தன் நிலத்தில் பிறர் கம்பம் நிற்பது என்ற அனுபவம் இந்தச் சீமைக்கு நூற்றிருபது ஆண்டு வயதானது.

2023 சட்டத்தில் எனக்குக் கண்ணில் படுகிற ஓர் இடைவெளியைச் சொல்கிறேன். வழக்கறிஞர்கள் இந்த அவையில் இருந்தால் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் தொலைத்தொடர்பு வலையமைப்பு எது என்று விளக்கும்போது, தொலைத்தொடர்புச் சேவை தருவதற்குப் பயன்படுகிற, அல்லது பயன்படுத்தும் நோக்கமுள்ள கருவிகளும் கட்டமைப்பும் என்கிறது. ஆன்டெனா இறங்கி, கேபிள் திருடுபோய், மின் இணைப்பு அறுந்து, எந்த நிறுவனமும் வாடகைக்கு எடுக்காமல் ஐந்தாறு ஆண்டு நிற்கிற இரும்புச் சட்டம் எந்தச் சேவைக்குப் பயன்படுகிறது? யாருடைய நோக்கத்தில் இருக்கிறது? அது வலையமைப்பு அல்ல, ஆகவே பதினான்காம் பிரிவின் கவசம் அதற்கு இல்லை என்பது என் வாதம். கவசம் போனாலும் டவர் உங்களுடையது ஆகிவிடாது. ஆனால் அது வெறும் பழைய இரும்பாகிவிடும். பழைய இரும்பை என் நிலத்திலிருந்து எடு என்று கேட்கும்போது, நாட்டின் தொலைத்தொடர்பு நலன் என்ற பேச்சு எதிரில் வந்து நிற்காது.

‘கைவிட்டுவிட்டார்கள், கைவிட்டது எடுத்தவனுக்கு’ என்ற வாதத்துக்கு வருவோம். சொத்தைக் கைவிடுவது என்றால், இனி இது எனக்கு வேண்டாம் என்ற எண்ணம் உடையவனிடம் இருக்க வேண்டும். அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வாடகை தராதது எண்ணத்துக்குச் சாட்சி ஆகாது, பணமில்லாமைக்குத்தான் சாட்சி. இதற்கு உதாரணம் தேடி நாம் வெளியே போக வேண்டாம். சுரங்கக் கழிவான நம் சயனைடு மண்மேடுகளைப் பாருங்கள். 2001-க்குப் பிறகு மழையில் கரைந்து, காற்றில் பறந்து, நம் வீட்டுத் துணியில் படிந்து கிடந்தன. இருபது ஆண்டுக்கு மேல் யாரும் சீண்டவில்லை. கைவிட்டது என்று சொல்லி நம்மில் யாராவது ஒரு லாரி மண் அள்ளியிருந்தால் வழக்குதான். 2024 ஜூனில் 13 மண்மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. உடையவர் தூங்கலாம், உடைமை தூங்காது.

குற்றவியல் சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. மண்ணோடு பொருத்தியிருக்கும் வரை ஒரு பொருளைத் திருட முடியாது, பிரித்தெடுத்த கணத்தில் அது திருடக்கூடிய பொருளாகிவிடும் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவின் விளக்கம். அதுவே இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில். அறுக்கிற செயலே திருட்டாக முடியும். நிலம் என்னுடையது என்பது அதற்கு விடையாகாது. உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, ஆபத்தும் சின்னதல்ல. இரும்புக்கும் மிச்சத் தங்கத்துக்கும் ஆசைப்பட்டு மூடிய சுரங்கங்களுக்குள் இறங்குவது இங்கே நடக்கிற விஷயம். 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் அப்படி இறங்கியவர்களில் மூன்று பேர் காற்றில்லாமல் செத்தார்கள். கேட்பாரற்று நிற்கும் உலோகம் ஏழையைக் கூப்பிடும். அதனால்தான் கேட்பாரற்று நிற்க விட்டவர்மேல் எனக்குக் கோபம் அதிகம், அறுத்தவர்மேல் அதைவிடக் குறைவு. சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது.

வாடகைப் பாக்கிக்கு டவரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. குடியிருப்பவரின் பொருளை ஜப்தி செய்து வாடகை வசூலிக்கும் ஏற்பாடு 1882-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களின் சிறு வழக்கு நீதிமன்றங்களுக்காக இருந்தது. அங்கேயும் நீதிமன்றம் வழியாகத்தான். தங்கவயலுக்கு அது கிடையாது. இங்கே பாக்கிக்கு வழி சிவில் வழக்கு. வாடகை சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதைத் தாண்டிய பாக்கி போய்விடும். ‘நாளைக்கு வரும், அடுத்த மாசம் வரும்’ என்று மேனேஜர் போனில் சொன்னதை நம்பிப் பாக்கியைக் கரையவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் காலக்கெடு புதிதாக ஓடும். போனில் சொன்னால் ஓடாது.

இப்போது திவால் சட்டம். இது எல்லாவற்றையும்விடக் குழப்பம், ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் பதினான்காம் பிரிவு ஒரு தடை விதிக்கிறது. ஒரு நிறுவனத்தின் மேல் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், அதன் வசமிருக்கும் சொத்தை அதன் உரிமையாளரோ குத்தகைக்கு விட்டவரோ மீட்க முடியாது. உங்கள் சொந்த நிலத்தை நீங்கள் மீட்க முடியாது! ஏர்செல் விவகாரத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய நடவடிக்கை, 2020 ஜூனில் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை இழுத்தது. ஆனால் இந்தத் தடை, திவாலான நிறுவனத்துக்கு மட்டும். உங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? ஏர்செல் என்று ஊர் முழுக்கப் பேர், பத்திரத்தில் ஜிடிஎல் என்று இருந்தால், ஏர்செல்லின் திவால் உங்கள் கையைக் கட்டாது. ரிலையன்ஸ் இன்ஃப்ராடெல் போல டவர் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் கட்டும். ஆகவே முதலில் பத்திரத்தை எடுத்துப் பேரைப் படியுங்கள்.

அந்தப் பேரும் மாறிக்கொண்டே இருக்கும். வயோம் டவர்கள் அமெரிக்கன் டவர் கார்ப்பரேஷனிடம் போயின, 2024-இல் அதன் இந்தியப் பிரிவு புரூக்ஃபீல்டிடம் போனது. 2020-இல் பார்தி இன்ஃப்ராடெல்லும் இண்டஸும் ஒன்றாயின. நிலக்காரருக்கு வருகிற கடிதத்தில் தலைப்பு மட்டும் மாறியிருக்கும். அந்தக் கடிதங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

டவர் கம்பெனி திவாலானால் செய்ய வேண்டியது ஒன்று, தவறவிடக் கூடாதது. திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வாளர் கேட்கிற காலத்துக்குள் பாக்கியைக் கோரிக்கையாகத் தாக்கல் செய்யுங்கள். 2021 ஏப்ரலில் கனஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் பெற்ற மீட்புத் திட்டத்தில் இடம்பெறாத கோரிக்கைகள் எல்லாம் அழிந்துபோகும் என்றது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்காரர் மும்பையில் வெளிவரும் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். சட்டம் அவர் பார்ப்பார் என்றே எடுத்துக்கொள்கிறது. நீங்களே மனு போட்டு ஒரு டவர் கம்பெனியைத் திவால் நடவடிக்கைக்கு இழுக்கவும் முடியாது. 2020 மார்ச் முதல் குறைந்தபட்சப் பாக்கி ஒரு கோடி ரூபாய். மாதம் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வாடகைக்கு எந்தப் பிறவியில் ஒரு கோடி சேரும்? ஒரு ஆறுதல்: திவால் நடவடிக்கை நடக்கிற காலத்தில் உங்கள் இடத்தை நிறுவனம் பயன்படுத்தினால், அந்தக் காலத்து வாடகை நடவடிக்கைச் செலவில் சேரும். அதற்கு முன்னுரிமை உண்டு. கேட்பவருக்கு மட்டும்.

இப்போது நான் முன்பு சொன்ன சுரங்கக் கம்பெனி நிலத்துக்குப் போவோம். 1960-ஆம் ஆண்டின் கனிமச் சலுகை விதிகளில் சுரங்கக் குத்தகைக்கு ஒரு மாதிரிப் படிவம் இருந்தது, ‘கே’ படிவம். அதில் ஒரு பத்தி இருந்தது. குத்தகை முடிந்து ஆறு மாதமாகியும் சுரங்கக்காரர் இயந்திரங்களையும் கட்டடங்களையும் கட்டுமானங்களையும் தண்டவாளங்களையும் விட்டுவைத்திருந்தால், அரசு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கும். அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அவை அரசின் சொத்தாகும். அரசு விற்கலாம், ஈடு தர வேண்டியதில்லை, கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நினைத்துப் பாருங்கள். நில உடைமையாளராக அரசு உட்கார்ந்து பத்திரம் எழுதியபோது, போகிறவன் இரும்பை விட்டுப் போவான் என்று அதற்கு முதல் நாளே தெரிந்திருந்தது. ஆறு மாதம், ஓர் அறிவிப்பு, ஒரு மாதம், முடிந்தது. அதே அரசு, குடிமகனின் நிலத்தில் டவர் நிற்கும் சட்டம் எழுதியபோது, போகிறவன் கதையை எழுதவில்லை. நுழைவதற்கு வழி, கட்டணத்துக்கு வரம்பு, அனுமதிக்கு இணையதளம், 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகள், எல்லாம் நுழைகிறவன் பார்வையில்.

அந்தப் பத்தி இருந்ததால் இரும்பு இறங்கிவிட்டதா என்று யாரோ பின்வரிசையில் கேட்பது எனக்குக் கேட்கிறது. இறங்கவில்லை. மூடிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் போய்ப் பாருங்கள். மாநில அரசும் மத்திய அரசின் கம்பெனியும் எதிரெதிரே நிற்கையில் யார் யாருக்கு அறிவிப்புக் கொடுப்பது? வாசகம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையில் எடுக்கிற ஆளும் வேண்டும். தனியார் நிலத்தில் அந்த ஆள் இருக்கிறார், நிலக்காரர்தான். அவரிடம் வாசகம் இல்லை. நம்முடைய இரண்டு நிலங்களிலும் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை.

பிரிட்டன் 2017-இல் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டத்தின் வழியாக மின்னணுத் தொடர்பு விதித்தொகுப்பை மாற்றி எழுதியது. நிலக்காரர்கள் அதைத் திட்டுகிறார்கள், வாடகை சரிந்துவிட்டது என்று. திட்டட்டும். அதில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. கருவி இனி வலையமைப்புக்குப் பயன்படவில்லை, பயன்படும் வாய்ப்பும் நியாயமாக இல்லை என்றால், அதை அகற்றும்படி கேட்கும் உரிமை நிலக்காரருக்கு உண்டு. கருவி மண்ணோடு ஒட்டினாலும் அது நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும் என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது. உடைமையையும் காத்து, அகற்றும் கடமையையும் சுமத்துகிறார்கள். நாம் முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

சரி, இன்றைக்கு ஒருவர் தன் வயலில் செத்த டவரோடு நிற்கிறார். அவர் என்ன செய்வது?

பத்திரம் பதிவானதா என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. டவர் பத்திரங்களில் கணிசமானவை நோட்டரி முத்திரையோடு நின்றவை. பதிவாகாத பத்திரத்தில் பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு என்று எழுதியிருந்தாலும், வாடகை வாங்கி இடம் கொடுத்த உறவு மாதக் குத்தகை என்று கொள்ளப்படும். 2000-இல் அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. மாதக் குத்தகையைப் பதினைந்து நாள் அறிவிப்பில் முடிக்கலாம். இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய திறப்பு. பதிவான பத்திரம் என்றால், வாடகை தவறினால் முடித்துக்கொள்ளும் பத்தி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அறிவிப்பை நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், டவருக்கு வந்துபோன டெக்னீஷியனுக்கு அல்ல. பதிவு அலுவலக விலாசம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். திவால் நடவடிக்கை இருந்தால் தீர்வாளருக்கும் ஒரு பிரதி. பதில் வராவிட்டால் இந்த ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். நிலம் இருக்கும் ஊர் எதுவோ அந்த நீதிமன்றம். மும்பைக்கு ஓட வேண்டியதில்லை, பத்திரத்தில் மத்தியஸ்தம் என்று எழுதாமலிருந்தால். கேட்க வேண்டியது மூன்று: இடத்தை ஒப்படைக்க உத்தரவு, டவரை அகற்றும்படி கட்டாய உறுத்துக் கட்டளை, குத்தகை முடிந்த நாள் முதல் இடத்தை அடைத்துக்கொண்டதற்கு இழப்பீடு. நான்காவதாக ஒன்றை நான் எப்போதும் சேர்ப்பேன். குறித்த நாளுக்குள் எதிர்தரப்பு அகற்றாவிட்டால், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் முன்னிலையில் அகற்ற வாதிக்கு அனுமதி வேண்டும், இரும்பை விற்ற பணத்தில் அகற்றும் செலவையும் பாக்கியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை நீதிமன்றத்தில் கட்டுகிறேன் என்று. இதைக் கேட்காமல் தீர்ப்பு வாங்கினால் கையில் காகிதம் இருக்கும், வயலில் டவர் இருக்கும்.

நீதிமன்றம் போகாமல் கேட்டைப் பூட்டிக்கொள்வது பற்றி ஒரு எச்சரிக்கை. வசத்திலிருந்து ஒருவரைச் சட்டப்படியல்லாமல் வெளியேற்றினால், உடைமை யாருடையது என்ற கேள்வியே இல்லாமல், ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு வசத்தைத் திரும்பப் பெறலாம். தனிநிவாரணச் சட்டத்தின் ஆறாம் பிரிவு. ஆறாண்டு எட்டிப் பார்க்காத கம்பெனி, நீங்கள் பூட்டு மாற்றிய மறுவாரம் எட்டிப் பார்க்கும்.

மாடி டவர்காரர்களுக்குத் தனியாக. உங்கள் பிரச்சினை உரிமை மட்டுமல்ல, பாரம். துருப்பிடித்த சட்டம் காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டில் விழுந்தால், முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஆபத்தான கட்டுமானத்தை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் நகரசபைக்கு உண்டு. பொறியாளர் ஒருவரிடம் நிலைமைச் சான்று வாங்கி, புகைப்படத்தோடு நகரசபைக்கும் கம்பெனிக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நகரசபை உத்தரவு போட்டால், பிரித்தது நீங்களாக இருந்தாலும் அது திருட்டு அல்ல, உத்தரவை நிறைவேற்றியது. பிரித்த இரும்பை எடைச்சீட்டோடு அடுக்கி வையுங்கள், எடுத்துப்போகச் சொல்லி மறுபடியும் கடிதம் எழுதுங்கள்.

புதிதாக இடம் விடப் போகிறவர்கள் சிலர் இங்கே இருப்பார்கள், ஐந்தாம் தலைமுறைச் சேவை பரவுகிறதே. கம்பெனி தருகிற அச்சிட்ட பத்திரத்தில் ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘கே’ படிவத்தின் அந்தப் பத்தியை எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் அதிகம் என்றால் மூன்று மாதம். அகற்றும் செலவுக்குத் தனியாக ஒரு முன்பணம், வாடகை முன்பணத்தோடு சேராமல். தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளாது என்று இடம் பிடிக்க வந்த ஏஜென்ட் சொல்வார். ஒப்புக்கொள்ளாத கம்பெனிக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியும். மாதம் பன்னிரண்டாயிரம் வரப்போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவரிடம் அதைச் சொல்வது கஷ்டம். ஆனாலும் அவர் பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். எதிர்த்தரப்பும் அந்த டவருக்கு வேறு எங்கும் இடம் கிடைக்காமல்தான் அவரிடம் வந்திருக்கும்.

 பத்திரம் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், பேரையும் பதிவு எண்ணையும் பார்த்துவிடலாம்.